மேபல் டீச்சர் நிறுத்தவில்லை

1

நான் கவலைப்படுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்ததெல்லாம் ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயமாயிற்று என்று உங்களுக்கு விளங்காது. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க ட்ராமில் இருந்து இடையில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன். எங்கள் வீட்டு அடுப்பு நேரம் போனால் தானாகவே அணைந்துவிடும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இறங்கினேன்.

சுவிட்சர்லாந்தில், பேர்ண் நகரத்தில் இருக்கிறேன். வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. பெரிய மெஷின்கள் ஆறு. ஒவ்வொரு உடுப்பிலும் ஒரு பெயர் தைத்திருக்கும். ஒருவருடைய காலுறை இன்னொருவருடைய அலுமாரிக்குப் போகக்கூடாது. இந்த வேலைக்கு என்னைப் போல ஆள் கிடைக்காது என்று மேலாளர் சொல்வார். நான் மூன்று தடவை பார்ப்பேன்.

போன மாசி மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம், ரமணியிடம் இருந்து ஒரு செய்தி வந்தது. ரமணி என்னோடு கொழும்பில், கொட்டாஞ்சேனையில் படித்தவள். இப்போது அதே கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறாள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகளின் வட்ஸ்அப் குழுவுக்கு அவள்தான் தலைவி. அவளுடைய அக்காவின் மகள் தர்ஷினி, எங்கள் சங்கீத டீச்சரைப் பற்றி ஒரு முழுநீளப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தவறி இரண்டு வருடம். படம் முடியப்போகிறது, எல்லோரும் பார்த்து ஏதாவது பிழை இருந்தால் சொல்லுங்கள், வெளியில் அனுப்பவேண்டாம் என்று ரமணி எழுதியிருந்தாள்.

குசினி மேசையில் மகளின் மடிக்கணினியை வைத்து மூன்று பேரும் பார்த்தோம். நான், என் மனிசன் யோகன், மகள் அபி.

டீச்சராக நடித்த பெண்ணை எனக்குத் தெரியாது. ஆனால் அவள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தபோது எனக்கு எழுந்து நிற்கவேண்டும் போல இருந்தது. கொண்டை, கைக்கடிகாரத்தை உள்பக்கமாகக் கட்டுகிற விதம், எல்லாம் சரி. நான் அழுதேன். யோகன் யாழ்ப்பாணத்து ஆள், டீச்சரைக் கண்டதே இல்லை, அவரும் மூக்கை உறிஞ்சினார்.

அதற்குப் பிறகுதான் ரயில் காட்சி வந்தது.

வெள்ளவத்தையில், கடலோரத்தில், டீச்சரின் வீடு. பன்னிரண்டு பிள்ளைகள் பாடுகிறார்கள். ரயில் வருகிறது. டீச்சர் கையை உயர்த்துகிறார். பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலால் கடலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ரயில் போகிறது. டீச்சர் கையை இறக்குகிறார். பாட்டுத் தொடர்கிறது. மிகவும் அழகான காட்சி. வெயில் எல்லாம் நன்றாக விழுந்திருந்தது.

"நல்லா எடுத்திருக்குது பிள்ளை," என்றார் யோகன்.

"பிழை," என்றேன் நான்.

"என்ன பிழை?"

"டீச்சர் நிப்பாட்டுறேல்லை."

2

வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு ரயில் சத்தம் காதில் ஏறாது. கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்கு ஏறும். எங்கள் பக்கம் கோயில் மணி, துறைமுகத்துச் சங்கு, லொறி. ரயில் இல்லை.

மேபல் டீச்சர் படிப்பித்தது கொட்டாஞ்சேனையில், இருந்தது வெள்ளவத்தையில். காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில் கடைசி வீடு. அந்தக் காலத்தில் அங்கே மரைன் டிரைவ் இல்லை. முற்றம், மதில், அதற்கு அப்பால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ஆர்மோனியம் டீச்சரின் சொந்தச் சாமான். பள்ளிக்கூடத்தில் வைத்தால் ஈரச் சுவரில் துருத்தி பழுதாகிவிடும் என்று வீட்டிலேயே வைத்திருந்தார். அதனால் போட்டிக்கான பயிற்சி சனிக்கிழமைகளில் அவர் வீட்டில்தான்.

சண்டைக் காலம். வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறிப்பார்கள், இறக்குவார்கள். தமிழ்ப் பெட்டைகள் தனியாக வரமுடியாது. அதற்கு டீச்சர் செய்த வேலையை இன்றைக்கு எந்த டீச்சரும் செய்வாரோ தெரியாது. சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வருவார். எங்கள் பன்னிரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போவார். மத்தியானம் திரும்பவும் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் விடுவார். பிறகு தனியாக வெள்ளவத்தைக்குப் போவார். மூன்று வருடம், ஒரு சனிக்கிழமை தவறாமல். "பிள்ளையளை பஸ்ஸில ஏத்தலாம். ஆர்மோனியத்தை ஏத்தேலாது," என்று அதற்குக் காரணம் சொல்வார். சனிக்கிழமையும் யூனிஃபோமில்தான் வரவேண்டும், வெள்ளை உடுப்பைக் கண்டால் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று. கையில் அதிபரின் சிங்களக் கடிதம். இவர்கள் போட்டிக்குப் பாடப் பழகுகிற பிள்ளைகள் என்று எழுதியிருக்கும்.

ஒருநாள் ஒரு ஆமிக்காரர் கடிதத்தை வாசித்துவிட்டு, அப்படியென்றால் இங்கேயே பாடிக் காட்டச் சொல்லுங்கள் என்றார். டீச்சர் சிங்களத்தில், "இன்னும் சரியாப் பழகேல்லை மஹத்தயா. பழகாத பாட்டை நான் ஒருத்தருக்கும் காட்டுறேல்லை. போட்டியண்டு வாங்கோ, முன் வரிசையில இடம் வைக்கிறன்," என்றார். அந்த ஆள் சிரித்துவிட்டார். நான் மட்டும் வெள்ளவத்தை வரும்வரை டீச்சரின் சீலைத் தலைப்பை விடவில்லை.

எனக்குக் குரல் சுமார். பயம் வந்தால் சுருதி ஏறிவிடும். பயம் எப்போதும் இருக்கும். இருந்தும் டீச்சர் என்னைச் சேர்த்தார். ஜன்னல் பக்கம் கடைசி ஆளாக நிற்பாட்டினார்.

"றீற்றா, உனக்குப் பாட்டு அரைவாசிதான் வரும். ஆனா நீ எண்ணுவாய். பயந்த பிள்ளைக்கு எத்தனை எண்டு எப்பவும் தெரியும்."

ரயில் வந்தால் ஆர்மோனியம் கேட்காது. பக்கத்தில் நிற்கிறவளின் குரல் கேட்காது. எங்கள் குரலே எங்களுக்குக் கேட்காது. டீச்சர் நிறுத்தமாட்டார். விரல்கள் கட்டையில் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கள் வாயும் அசைந்துகொண்டே இருக்கும். ரயில் போய் முடிகிற இடத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே சொல்லில் நிற்கவேண்டும். போட்டி மேடையில் மைக் போகும், லைட் போகும், நிறுத்தினால் புள்ளி போகும் என்பார். ரயில் போய் முடியும்வரை, ஒரு தாளத்துக்கு ஒரு மடிப்பாக, நான் யூனிஃபோமின் மடிப்புகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணுவேன். பாட்டு முடிந்ததும் டீச்சர் ஆர்மோனியத்துக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்பார்.

"எத்தனை?"

"முப்பத்தாறு, டீச்சர்."

வெறும் எஞ்சின் மட்டும் போனால் எட்டு. வேலைக்குப் போகிறவர்களின் நீளமான கந்தோர் ரயில் நாற்பதுக்கு மேல். ஒருநாளும் எண்ணிக்கை பிழைத்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பா துறைமுகத்தில் விழுந்து இடுப்பு முறிந்தது. வீட்டில் மூத்தது நான். வயதைக் கூட்டிச் சொல்லி இரத்மலானையில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தேன். டீச்சர் வீட்டுக்கு வந்து அம்மாவோடு கதைத்தார். நான் பக்கத்து வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயம். மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் ஒளிந்தேன். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

தொழிற்சாலையில் ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான மெஷின்கள். ஒன்றும் கேட்காது. நான் உள்ளுக்குள் அந்தப் பாட்டை ஓடவிட்டு, தையலை எண்ணிக்கொண்டு இருந்தேன். இங்கே சலவை மெஷின்களுக்கு நடுவிலும் அதுதான்.

3

பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். சொல்வதா விடுவதா என்று நான்கு நாள் யோசித்தேன். படம் எடுக்கப் படித்த பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புக்காரி பிழை சொல்வதா? எழுதினால் எழுத்துப்பிழை வரும். குரலில் அனுப்பலாம் என்று குளியலறைக்குள் நின்று ஏழு தடவை பதிந்து, ஏழாவதைத் தர்ஷினிக்கு அனுப்பினேன்.

தர்ஷினிக்குப் போகவில்லை. பழைய மாணவிகள் குழுவுக்குப் போய்விட்டது. நான் கண்டு அழிப்பதற்குள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

அப்படியே குழு எழும்பிவிட்டது. மெல்பேர்ணில் டொக்டராக இருக்கிறவள், டீச்சர் நிப்பாட்டினது எனக்கு நல்லா ஞாபகம் என்றாள். இன்னொருத்தி, ரயிலுக்குள்ளால ஆர் பாடுவினம் என்று சிரிக்கிற முகம் போட்டாள். எல்லோரும் ரமணியின் பக்கம். ரமணி எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அடியே, நாலு வருஷம் கூடப் படிச்ச எங்களுக்குத் தெரியாதோ? நீ ஒன்பதோட போனனி."

"நிப்பாட்டியிருந்தா நான் எதையடி எண்ணினனான்?"

"ரயில் பெட்டியை எண்ணியிருப்பாய்!"

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தர்ஷினி மரியாதையான பிள்ளை. தனியாக எழுதினாள்: "அன்ரி, எல்லாரும் நிப்பாட்டினவ எண்டுதான் சொல்லுகினம். ஒரு ஆளின்ர ஞாபகத்துக்காக அந்த சீனை மாத்தேலாது. கோவிக்காதேங்கோ."

கோபம் இல்லை. பயம். இதுவரை நான் பயந்ததெல்லாம் நடக்கப்போகிற விஷயங்களுக்கு. முதல்தடவையாக நடந்துமுடிந்த ஒன்றுக்குப் பயந்தேன். பெட்டிகளைத்தான் எண்ணினேனோ? பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகப் படித்து முடித்தது அது ஒன்றுதான். அதுவும் பொய்யென்றால் எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. டீச்சருக்கும் நல்லதில்லை. ரயிலுக்குக் கை உயர்த்துகிற டீச்சர் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவரை அந்த ஆளாகத்தான் இனி எல்லோரும் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.

யோகனுக்கு இது விளையாட்டாகப் போய்விட்டது. சோற்றுக்கு முன்னால் இருந்து கையை உயர்த்துவார். "நிப்பாட்டு, ரயில் போகுது."

4

இந்த நாட்டில் எந்தத் தாளை எடுத்தாலும் ஒரு கட்டம் இருக்கும்: கடைசியாக முடித்த பள்ளிப்படிப்பு. வதிவிட அனுமதிக்கு, குடியுரிமைக்கு, நூலக அட்டைக்குக்கூட. குடியுரிமை நேர்முகத்தில் அந்த அதிகாரி அம்மா பேனையை அந்தக் கட்டத்துக்கு மேல் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் ஞாபகம். அன்பான பார்வைதான்.

போன வைகாசியில் வேலையிடத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். முடித்தால் சலவைப் பகுதிக்குப் பொறுப்பாளராகலாம். அபி எனக்காகத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. வீட்டில் என் ஜேர்மன் எழுத்தர் அவள்தான். அந்தக் கட்டத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, இதுல என்ன போடுறது? நீங்கள் ஒண்டும் முடிக்கேல்லைத்தானே."

குத்திச் சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். காதில் மாட்டியிருந்த பாட்டுக் கருவியைக்கூடக் கழற்றவில்லை. நான் குசினிக்குப் போய்ப் பருப்பைக் கிளறினேன். அவள் ஒரு கோடு போட்டு நிரப்பினாள்.

ஐப்பசியில் பள்ளி விடுமுறைக்குக் கொழும்புக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தோம், கொட்டாஞ்சேனையில் அம்மாவைப் பார்க்க. அப்போது தர்ஷினியின் அடுத்த செய்தி வந்தது. படத்தின் கடைசியில், பெயர்கள் போகும்போது, டீச்சரின் உண்மையான மாணவிகள் அந்தப் பாட்டைப் பாடவேண்டும். வரக்கூடியவர்கள் ரமணியின் ஃபிளாட்டுக்கு வாருங்கள்.

போகமாட்டேன் என்று சொன்னேன். "போங்கோ," என்றாள் அபி. "நான் நீங்கள் பாடிக் கேட்டதே இல்லை."

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நாங்கள் வெளிநாட்டுக்காரரின் வரிசையில் நின்றோம். அதிகாரி என் சுவிஸ் பாஸ்போட்டை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார்.

"நங்கி கொழம்ப கோயெத?" தங்கச்சி கொழும்பில் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

"கொட்டஹேன, மஹத்தயா," என்று தொடங்கி, எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்குப் பக்கம், அம்மா எங்கே, எத்தனை நாள் நிற்பேன் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சிங்களத்தில் சொன்னேன். அவர் எங்களுக்குப் பக்கத்துக் கிராண்ட்பாஸ் ஆளாம். கதைத்துக் கதைத்து நாங்கள் மாசிக் கருவாடு வரைக்கும் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் அபி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். ஜேர்மனில் டொக்டரிடம் மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துக் கதைக்காத அம்மாவை மட்டும் கண்ட பிள்ளை.

5

ரமணியின் ஃபிளாட் அதே ஒழுங்கையில்தான். டீச்சரின் வீடு இருந்த இடத்தில் எட்டு மாடி. ரமணியுடையது மூன்றாம் மாடி. பல்கனிக்குக் கீழே மரைன் டிரைவ், அதற்கு அப்பால் அதே தண்டவாளம், அதே கடல்.

ஒன்பது பேர் வந்திருந்தோம். எல்லோருக்கும் ஐம்பதுக்குக் கிட்ட. கண்ணாடி, கால்வலி, பேரப்பிள்ளைப் படம். என்னைக் கண்டதும், "ரயில் பெட்டி வந்திட்டா!" என்று ஒருத்தி கூவினாள். எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். என்னோடு வந்த அபி ஒரு மூலையில் போய் இருந்துகொண்டாள்.

தர்ஷினி ஒலிவாங்கிகளை நிறுத்தி, காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு, ரயில் நேர அட்டவணையை ஃபோனில் வைத்துக்கொண்டு நின்றாள். "அன்ரிமார், பல்கனிக் கதவைச் சாத்தவேணும். ஏசியும் போடேலாது, சத்தம் விழும்."

"சாத்தினா நாங்கள் அவிஞ்சு செத்துப்போவம் பிள்ளை," என்றாள் ரமணி. "இந்த வயசில எங்களுக்கு உள்ளுக்க வேற அடுப்பு எரியுது."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தர்ஷினி தோற்றுப்போனாள். கதவு திறந்தே இருக்கட்டும், இப்போது ஒரு ரயில் போனால் அடுத்ததுக்கு இருபது நிமிடம் இருக்கிறது, அதற்குள் எடுத்துவிடலாம் என்றாள். கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை ரயில் அட்டவணையை நம்புகிறது.

வரிசையில் நின்றோம். பழைய வரிசை யாரும் சொல்லாமலே அமைந்தது. நான் ஒதுங்கிக் கதவடியில் நிற்க, ரமணி இடம்விட்டு அரை அடி தள்ளி நின்றாள்.

"வா, இது உன்ட இடம். நீ போன பிறகு டீச்சர் இதை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. எங்களை நெருங்கி நிக்கவும் விடேல்லை. போட்டியிலும் ஒரு ஓட்டையோடதான் நிண்டு பாடினனாங்கள்."

இவ்வளவு வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கடலைப் பார்த்தேன்.

போகவேண்டிய ரயில் போனது. ஆர்மோனியத்துக்குப் பதிலாக ஃபோனில் ஒரு சுருதிப் பெட்டி. தர்ஷினி கை காட்டினாள். டீச்சரே எழுதி டீச்சரே மெட்டுப்போட்ட பாட்டு, கரைக்கு வருகிற தோணிகளைப் பற்றியது. முதல் அடியில் குரல்கள் ஒவ்வொரு பக்கம் போயின. இரண்டாவது அடியில் சேர்ந்தன. எனக்குச் சுருதி வழக்கம் போல ஏறியது. யாரும் கவனிக்கவில்லை.

சரணத்துக்குள் போகும்போது தெஹிவளைப் பக்கம் இருந்து சத்தம் கேட்டது. அட்டவணையில் இல்லாத ரயில். எங்கேயோ பிந்தி, அப்போதுதான் வருகிறது. தர்ஷினி இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள், நிறுத்துங்கள் என்று. அதற்குள் ரயில் வந்துவிட்டது. பல்கனிக் கம்பி அதிர்ந்தது. சுருதிப் பெட்டி கேட்கவில்லை. ரமணியின் குரல் கேட்கவில்லை. என் குரல் எனக்குக் கேட்கவில்லை.

சீலையில் யூனிஃபோம் மடிப்பு இல்லை. கொசுவத்தைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

ரயில் போய்விட்டது. கடல் கேட்டது. அந்தக் கடலுக்கு மேல் ஒன்பது பேரும் ஒரே சொல்லில், ஒரே எழுத்தில் நின்றோம். பாட்டு ஒன்றும் நடக்காதது போல அடுத்த அடிக்குப் போயிற்று. கடைசிவரை பாடி முடித்தோம்.

தர்ஷினி காதில் இருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டாள்.

"நாங்கள் ஏன் நிப்பாட்டேல்லை?" என்று ரமணி கேட்டாள். எங்களிடம் அல்ல, பொதுவாக.

"நான் கையக் காட்டினனே சித்தி," என்றாள் தர்ஷினி. "ஒருத்தரும் பாக்கேல்லை. எல்லாரும் ஆர்மோனியம் இருக்கிற மாதிரி அந்த மூலையைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ரயில் போனபோது பாட்டு எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்காததை, நிறுத்திவிட்டோம் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மனதுதான் மறந்தது. வாய் மறக்கவில்லை. டீச்சர் அதற்குத்தான் பழக்கினார்.

ரமணி மெல்ல என் பக்கம் திரும்பினாள். பாங்க் மனேஜராக இருந்து வேளைக்கே ஓய்வு பெற்றவள். ஆயிரம் பேருக்கு இல்லை என்று சொல்லிப் பழகிய முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு, டீச்சர் கேட்கிற அதே மாதிரிக் கேட்டாள்.

"எத்தனை?"

"முப்பத்தெட்டு."

"சரியா இருக்கும்," என்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அதைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் அழவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதில்லை.

அபி மூலையில் இருந்து எழுந்து வந்தாள். "ரமணி அன்ரி, நீ வடிவாப் பாடினாய்," என்றாள். அவளுக்கு ஜேர்மனில் பிடித்தவர்களை நீ என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். அழுகை சிரிப்பாகிவிட்டது. "கேட்டியே, உன்ட மகள் என்னை நீ எண்டுறாள்," என்று ரமணி மூக்கைத் துடைத்துக்கொண்டு வடையை எடுத்து அபியின் வாயில் அடைத்தாள்.

6

தர்ஷினி ரயில் காட்சியைத் திரும்ப எடுத்தாள். அந்த நடிகையையும் பன்னிரண்டு பிள்ளைகளையும் ஒரு காலைக்குத் திரும்பக் கூட்டினாளாம். எனக்கு ஒரு கேள்வி எழுதினாள்: "அன்ரி, பேர் போடேக்க உங்களுக்கு என்ன எண்டு போட? மற்ற ஆக்களுக்கு எந்த வருஷத்து மாணவி எண்டு போடுறன்." எனக்கு மறுபடியும் அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. ஒன்றும் போடவேண்டாம் பிள்ளை என்று எழுதினேன்.

போன மாதம் படத்தை பேர்ணில், எங்கள் ஆட்கள் கூட்டம் வைக்கிற மண்டபத்தில் போட்டார்கள். இருநூறு கதிரைக்கு மேல். நான் மூன்றாவது வரிசையில், ஒரு பக்கம் அபி, மறுபக்கம் யோகன். படம் தொடங்குமுன் வாசல் கதவு பூட்டப்படுமா, நெருப்பு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துவைத்தேன்.

ரயில் காட்சி வந்தது. டீச்சர் ஆர்மோனியம் வாசிக்கிறார். பிள்ளைகள் பாடுகிறார்கள். ரயில் வருகிறது. டீச்சர் கை உயர்த்தவில்லை. மண்டபம் முழுக்க ரயில் சத்தம். திரையில் வாய்கள் அசைகின்றன, பாட்டு இல்லை. டீச்சரின் விரல்கள் ஓடுகின்றன, ஆர்மோனியம் இல்லை. ஜன்னல் பக்கம் கடைசியில் நிற்கிற ஒரு மெலிந்த பெட்டை வெள்ளை யூனிஃபோமின் மடிப்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள்.

சனம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. பின்னால் யாரோ, "சவுண்ட் போயிட்டுது, சவுண்ட் போயிட்டுது," என்றார். ஒலிப்பெட்டியோடு இருந்த தம்பி பதறி எழுந்து வயர்களை இழுக்கப்போனார்.

யோகன் எழுந்து நின்றார். கல்யாணவீட்டில்கூடச் சத்தமாகக் கதைக்காத மனிசன்.

"தம்பி, தொடாதேங்கோ! ஒண்டையும் தொடாதேங்கோ. அது அப்பிடித்தான். பொறுங்கோ, வரும்!"

இருநூறு பேர் அவரைப் பார்த்தார்கள். அந்தத் தம்பி கையில் வயரோடு நின்றார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சோற்றுக்கு முன்னால் கையை உயர்த்திப் பகிடி பண்ணிய மனிசனை.

ரயில் போயிற்று. கடல் கேட்டது. பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே சொல்லில் நின்று, அடுத்த அடிக்குப் போனார்கள். மண்டபத்தில் யாரோ "அம்மாடி" என்றார். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

யோகன் திரும்பக் கதிரையில் இருந்தார். கடைசியில் பெயர்கள் போனபோது அபி என் கையைப் பிடித்துத் திரையைக் காட்டினாள். ஒன்பது பேரும் பாடிக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்குப் பக்கத்தில் வருடம் இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில், "மேபல் டீச்சருக்காக எண்ணியவர்" என்று இருந்தது.

வெளிச்சம் வந்தது. அபி என் காதுக்குக் கிட்ட வந்தாள். அவளுடைய விரல் தன் ஜீன்ஸின் தையலில் இன்னும் அழுத்தியபடி இருந்தது.

"நாப்பத்திரண்டு," என்றாள். "சரியா அம்மா?"

எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணியிருக்கவில்லை.